‘எங்க ஊர்ல ஒண்ணும் இல்ல டீச்சர்’

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் உள்ளாட்சி அமைப்பு பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு பணித்தாள் கொடுப்பது என் வழக்கம். ‘உன் ஊரில் உள்ள பொது இடங்களும் அமைப்புகளும்’ என்பது தலைப்பு. பூங்கா, நூலகம், வங்கி, அஞ்சலகம், மருத்துவமனை, கோயில், தேவாலயம், சங்கம் என்று எட்டுப் பெயர்களை நானே அச்சிட்டிருப்பேன். எதிரே ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுத வேண்டும். ‘உண்டு’ என்றால் அதைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும்.

குண்டனி நாட்டுக்கு மாறுதலாகி வந்த முதல் ஆண்டிலும் அதே பணித்தாளைக் கொடுத்தேன். ஒரு மாணவி கோயிலுக்கு நேரே ‘உண்டு’ என்றும் மற்ற ஏழுக்கும் ‘இல்லை’ என்றும் எழுதியிருந்தாள். தாளின் அடியில், நான் கேட்காமலேயே, ‘எங்க ஊர்ல ஒண்ணும் இல்ல டீச்சர்’ என்று ஒரு வரி இருந்தது. சிவப்பு மையால் எட்டுக்கு ஒன்று என்று மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு மதிப்பெண் பல நாள் என்னை உறுத்தியது. இந்தக் கட்டுரை அதிலிருந்து பிறந்ததுதான்.

மலைக்கு வருவதற்கு முன் சமவெளியில் ஒரு நகரத்தின் ஓரத்துப் பள்ளியில் பணிபுரிந்தேன். புதிய மனைப்பிரிவுகள் பெருகிய புறநகர்ப் பகுதி அது. அங்கே பிள்ளைகள் இந்தப் பணித்தாளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். தெருமுனையில் தேவாலயம், சறுக்குமரமும் ஊஞ்சலும் உள்ள பூங்கா, பெயர்ப்பலகையோடு குடியிருப்போர் நலச் சங்கம் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தன. அந்தப் பட்டியலைத்தான் நான் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே கொண்டுவந்திருக்கிறேன். தவறு பிள்ளைகளின் விடையில் இல்லை, என் கேள்வித்தாளில் இருந்தது.

ஒரு பணித்தாளுக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று தோன்றலாம். எட்டாம் வகுப்பு முடித்துக் கீழே விடுதியில் தங்கிப் படிக்கும் முன்னாள் மாணவி ஒருத்தி பொங்கல் விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தாள். “எந்த ஊருன்னு கேட்டா நாமக்கல்னு சொல்லிருவேன் டீச்சர். நம்ம ஊரச் சொன்னா, அங்க என்ன இருக்குன்னு கேப்பாங்க. என்னத்தச் சொல்றது?” என்றாள். இந்தப் பதிலை அவளுக்கு ஒருவகையில் நாம்தானே கற்றுக்கொடுத்தோம் என்று அப்போது நினைத்தேன்.

ஊற்றங்கரையில் கிடைத்த கேள்விகள்

ஒரு நாள் மாலை, ‘ஒண்ணும் இல்ல’ என்று எழுதிய மாணவியின் வீட்டுக்கு அவளோடு நடந்தேன். வழியில் ஓர் ஊற்று. கல் அடுக்கிய சிறிய குழி. பக்கத்தில் துணி துவைக்கத் தனியாக ஒரு கல் கிடந்தது. குடிநீர் எடுக்கும் பக்கம் யாரும் கால் கழுவக் கூடாது என்று அவள் என்னைத் தடுத்தாள். “யார் அப்படிச் சொன்னது?” என்றேன். “எல்லாரும்தான்” என்றாள். “குழி தூர்ந்துபோனா யாரு எடுக்கிறாங்க?” என்று கேட்டேன். மழைக்காலம் முடிந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் எடுப்பார்கள் என்றாள். “வராதவங்க வீட்டுக்குத் தண்ணி கிடையாதா?” “இல்ல டீச்சர், தண்ணி எல்லாருக்கும் உண்டு. ஆனா திட்டு விழும்.”

பொதுச் சொத்து, விதி, பராமரிப்பு, உரிமை, கடமை எல்லாம் அந்த ஊற்றங்கரையில் இருந்தன. என் பணித்தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. பொது அமைப்பு என்றால் கட்டடமும் பெயர்ப்பலகையும் என்றே பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். ஒன்றைப் பலருக்காக யாரோ தொடர்ந்து பார்த்துக்கொண்டால் அதுவும் பொது அமைப்புதான். மறுநாள் கரும்பலகையில் நான்கு கேள்விகளை எழுதினேன்.

1. இது யாருடையது?
2. இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?
3. இங்கே யார் வருகிறார்கள்? யார் வருவதில்லை?
4. இது பழுதானால் யாரிடம் சொல்ல வேண்டும்?

ஐந்து குழுக்கள் பிரித்தோம். பெற்றோரிடமும் பெரியவர்களிடமும் கேட்டு எழுதி வர ஒரு வாரம் கொடுத்தேன்.

பூங்கா இல்லாத ஊரில் கோயில் காடு

முதல் குழு கோயிலை எடுத்துக்கொண்டது. கோயில் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது வளப்பூர் நாட்டில் பெரியகோவிலூரில் உள்ள அறப்பளீசுவரர் கோயில். தேவாரத்தில் பெயர் இடம்பெற்ற தலம், இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளது, ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டம் கூடும் இடம். அதன் அருகிலிருந்துதான் ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. ஆனால் பிள்ளைகள் எழுதி வந்தது தங்கள் ஊர்ச் சாமியையும் அதைச் சுற்றிய காட்டையும் பற்றி. கொல்லிமலையில் இத்தகைய கோயில் காடுகள் பல உள்ளன. உள்ளே செருப்புப் போடக் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது, விழுந்த மரத்தையும் சாமி காரியத்துக்கன்றி எடுக்கக் கூடாது என்று தங்கள் ஊர்க் கட்டுப்பாடுகளை வரிசையாக எழுதியிருந்தார்கள்.

“பூங்காவிலும் இப்படித்தானே பலகை வைத்திருப்பார்கள்?” என்று கேட்டேன். பலகை இல்லாமலே இங்கே எல்லோருக்கும் விதி தெரியும் என்றான் ஒரு மாணவன். அறிவியல் ஆசிரியர் அங்கேயே ஒரு பாடம் எடுத்தார். காட்டின் நிழலும் சருகும் மழைநீரை நிலத்துக்குள் இறக்குகின்றன. காடு நிற்கும்வரை கீழே ஊற்று வற்றாது. ஒரு குழுவின் இடமும் இன்னொரு குழுவின் இடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் பிள்ளைகள் வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள்.

தேவாலயம்: நான் பயந்த இடம்

வகுப்பில் ஒரு மாணவனின் குடும்பம் தேவாலயத்துக்குச் செல்வது. அவன் குழு அதை எடுத்துக்கொண்டதும் இன்னொரு பிள்ளை, “அது எங்க ஊருது இல்ல டீச்சர், அவங்களுது” என்றது. வகுப்பு அமைதியானது. அந்த மாணவன் தலை குனிந்தான். இந்தப் பாடத்தை இதோடு நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

நான் எதையும் தீர்ப்பாகச் சொல்லவில்லை. “நாலு கேள்வியையும் கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்” என்றேன். குழுவில் அவனைத் தவிர மற்ற மூவரும் தேவாலயத்துக்குச் செல்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கொண்டுவந்த விடை இது: வாரந்தோறும் கூட்டிப் பெருக்குவது அந்த மாணவனின் அம்மாவும் வேறு இரு பெண்களும். கட்டும்போது கல் சுமந்தவர்களில், ‘எங்க ஊருது இல்ல’ என்று சொன்ன பிள்ளையின் தாத்தாவும் ஒருவர். “கூலிக்கா தாத்தா?” என்று கேட்டதற்கு, “கூப்பிட்டாங்க, போனோம்” என்றாராம். அந்த விடையை அந்தப் பிள்ளையே வகுப்பில் எழுந்து படித்தது.

அதன் பிறகு கொல்லிமலையின் ஒரு வரலாற்றைச் சொன்னேன். 1913-இல் திருமணம் செய்துகொண்டு இந்த மலைக்கு வந்தவர்கள் ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர். மதப் பணிக்காக வந்தவர்கள், மருந்தகமும் பள்ளியும் நடத்தினார்கள். மலைக்காய்ச்சலால் 1929-இல் ஜெசி இங்கேயே இறந்தார். ஈவ்லின் முதுமையிலும் மலைகளை விட்டுப் போகவில்லை. 1974-இல் 95 வயதில் இறந்து, வாழவந்தியில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார். இவர்களின் மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கவைத்து உலகறிந்த மருத்துவரானார்.

அந்தக் காலத்தில் மலையில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. அசுத்தமான நீரின் வழியாக உடலில் புகும் புழு, காலில் புண்ணாக வெளிவரும். அதைத் தன் தந்தை குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றி எடுத்ததைச் சிறுவனாகப் பார்த்ததைப் பால் பிராண்ட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தண்ணீரில் கால் வைக்காமல் இருப்பதும், துணியால் வடிகட்டிக் குடிப்பதும்தான் அந்த நோயை ஒழித்த வழிகள். 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்த நோய் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இதைச் சொன்னதும் என் மாணவி, “அதான் ஊத்துல கால் வைக்கக் கூடாதுங்கிறாங்களா?” என்று கேட்டாள். அதற்காகவே வந்த வழக்கமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விதிக்குப் பின்னால் காரணம் இருக்கும் என்று தேடத் தொடங்கிவிட்டாளே, அது போதும்.

பால் பிராண்ட் எழுதிய இன்னொரு நினைவையும் பகிர்ந்தேன். சிறுவர்கள் படிக்கட்டு நெல்வயலில் இறங்கித் தவளை பிடித்து விளையாடுகிறார்கள். வரப்பையும் மடையையும் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர் வருகிறார். ஓடும் நீரிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, ஆண்டுதோறும் சோறு போடும் மண் இது, மேல் வயலிலிருந்து இறங்கிப் போனால் திரும்பாது என்று உணர்த்துகிறார். உலகம் சுற்றிய அந்த மருத்துவர், மண்ணைக் காப்பது பற்றிய முதல் பாடத்தைக் கற்றது நம் மலையின் ஒரு பெரியவரிடம். மலைக்கு வந்தவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்பதோடு, மலையிடம் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

‘நாங்க போனதே இல்ல’

மூன்றாம் குழு ‘பூங்கா’ என்ற சொல்லை விடவில்லை. கொல்லிமலையிலும் பூங்கா இருக்கிறது. வாசலூர்பட்டியில் தாவரவியல் பூங்காவும் படகுத் துறையும் உள்ளன. கடையெழு வள்ளல்களுள் ஒருவரான வல்வில் ஓரிக்கு ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கும்போது அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும். சீக்குப்பாறையில் காட்சிமுனை இருக்கிறது. விடுமுறை நாள்களில் இங்கெல்லாம் வெளியூர் வண்டிகள் வரிசையாக நிற்கும்.

‘யார் வருகிறார்கள், யார் வருவதில்லை?’ என்ற கேள்விக்கு இந்தக் குழு எழுதிய விடை: ‘வெளியூர்க்காரங்க வர்றாங்க. நாங்க போனதே இல்ல.’ தலைமையாசிரியரிடம் பேசி ஒரு நாள் களப்பயணம் ஏற்பாடு செய்தோம். பிள்ளைகள் மலர்களைப் பார்த்தார்கள், படகைப் பார்த்தார்கள், திரும்பும் வழியில் சாலையோரம் கிடந்த நெகிழிக் குவளைகளையும் பார்த்தார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்றேன். “கோயில் காட்டுல யாரும் போடமாட்டாங்களே, இங்க ஏன் போடறாங்க?” என்றான் ஒருவன். அவன் கேள்வியை அப்படியே தாளில் எழுதச் சொன்னேன். விடையை நான் சொல்லவில்லை.

சங்கம் என்றால் அம்மா

‘சங்கம்: இல்லை’ என்று முன்பு ஏறக்குறைய எல்லோருமே எழுதியிருந்தார்கள். கேட்டு வரச் சொன்னதும், “எங்கம்மா குழுவுல இருக்குது” என்று கைகள் உயர்ந்தன. மகளிர் சுயஉதவிக் குழுவை வீட்டில் ‘குழு’ என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் சங்கம்தான் என்று பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை. ஒரு குழுவின் அம்மாவை வகுப்புக்கு அழைத்தோம். சேமிப்புப் புத்தகம், கடன் பதிவேடு, கூட்டத் தீர்மானக் குறிப்பேடு மூன்றையும் கொண்டுவந்து காட்டினார். அன்று கணக்குப் பாடவேளையில் தனிவட்டி நடத்த வேறு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை.

கொல்லிமலையில் பெண்கள் குழுக்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களில், ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியது. சாமையைக் குத்தி அரிசியாக்குவது பெண்களுக்குப் பெரும் பாடு என்பதும் சாமை குறைந்ததற்கு ஒரு காரணம். 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பணியாற்றி, ஊர் விதை வங்கிகளையும் சிறுதானிய அரவை இயந்திரங்களையும் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் அமைக்க உதவியது. விதையைக் கடனாக வாங்கி, அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பித் தருவதுதான் விதை வங்கி. ‘வங்கி: இல்லை’ என்று எழுதிய பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஊர்க்கூட்டமும் கிராம சபையும்

இப்போதுதான் பாடப்புத்தகத்தைத் திறந்தேன். கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். எல்லாமே ‘நாடு’ என்று முடிபவை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பல ஊர்களின் தொகுதியைக் குறித்த ‘நாடு’ என்ற சொல் இங்கே ஊராட்சியின் பெயரில் வாழ்கிறது. ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்ற மரபான பொறுப்புகளையும் பிள்ளைகள் அறிவார்கள். ஒரு பக்கம் ஊர்க்கூட்டம், மறுபக்கம் கிராம சபை என்று கரும்பலகையில் இரண்டு பத்திகளாக எழுதி, அதே நான்கு கேள்விகளைக் கேட்டோம்.

மூன்றாம் கேள்வியில் வகுப்பு நின்றது. “ஊர்க்கூட்டத்துல அம்மாங்க உக்கார்றது இல்லையே, ஏன் டீச்சர்?” கேட்டவள் அதே மாணவி. ஊரைக் குறை சொல்லும்படி பதில் சொல்லவும் எனக்கு மனமில்லை, கேள்வியை மூடவும் மனமில்லை. அன்று எங்களோடு பேச வந்திருந்த பெரியவரைப் பார்த்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தக் காலத்துல அப்படி வந்துருச்சும்மா. கேக்கறது நியாயந்தான்” என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பாடம் அங்கிருந்து தானாக நகர்ந்தது. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடாக உயர்ந்த இடஒதுக்கீடு எல்லாம் அவள் கேட்ட கேள்விக்கு விடையாக வந்து சேர்ந்தன. மனப்பாடம் செய்யச் சொல்லவே இல்லை. கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆணும் பெண்ணும் சம உறுப்பினர்கள் என்பதை அன்று எல்லோரும் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குச் சில அம்மாக்கள் சேர்ந்து சென்றார்கள். பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்தார்கள். ஊற்றுக்குப் போகும் பாதையைச் சீராக்கவும் மேலே ஆடுமாடு இறங்காமல் தடுப்பு வைக்கவும் வேண்டும் என்று ஒரு தாய் பேசினார். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்டது. அந்த மாணவியின் அம்மா கையெழுத்துப் போட்டதை அவள் மறுநாள் மூன்று முறை என்னிடம் சொன்னாள்.

உங்கள் வகுப்பில் செய்ய

இதே செயல்பாட்டைச் சமவெளிப் பள்ளியிலும் புறநகர்ப் பள்ளியிலும் செய்யலாம். அங்கே பெயர்ப்பலகைகள் கண்ணை மறைக்கும், அவ்வளவுதான். பூங்காவுக்குத் தண்ணீர் விடுபவர் யார், நலச் சங்கத்தில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இடம் உண்டா, தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் கூட்டிப் பெருக்குவது யார் என்று பிள்ளைகள் கேட்டு வரட்டும்.

எனக்குத் தேவைப்பட்டவை ஆறு பாடவேளைகளும் ஒரு களப்பயணமும். சில எச்சரிக்கைகளைச் சொல்கிறேன். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் பெற்றுத் தொடங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்பே பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தக் குழுவே நல்ல எடுத்துக்காட்டு: கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். வழிபாட்டு இடங்களைப் பற்றி நான்கு கேள்விகளுக்குள் நில்லுங்கள். எந்தச் சமயம் உயர்ந்தது என்ற பேச்சுக்கு இடம் தர வேண்டாம். ஒரே வீட்டு வழக்கமுள்ள பிள்ளைகளை ஒரே குழுவில் போடாதீர்கள். ‘யார் வருவதில்லை?’ என்ற கேள்விக்கு வரும் விடை சில நேரம் கசக்கும். அதைத் திருத்தாமல் எழுதவிடுங்கள்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊற்றில் தூர் எடுத்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்பது வழக்கம். அன்று சில வீடுகளிலிருந்து பிள்ளைகளும் வந்தார்கள். தேவாலயத்துக்குச் செல்லும் மாணவனும், ‘எங்க ஊருது இல்ல’ என்று சொன்ன பிள்ளையும் ஒரே சட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சேறு தூக்கினார்கள்.

பாடத்தின் முடிவில் அதே பணித்தாளை மீண்டும் கொடுத்தேன். அந்த மாணவி அச்சிட்டிருந்த எட்டுப் பெயர்களுக்குக் கீழே தானாகக் கோடு போட்டு, ஊற்று, கோயில் காடு, குழு, விதை வங்கி, ஊர்க்கூட்டம், கிராம சபை என்று சேர்த்துக்கொண்டே போயிருந்தாள். தாள் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தாள். நூலகத்துக்கு நேரே இப்போதும் ‘இல்லை’ என்றுதான் இருந்தது. ஆனால் பக்கத்தில், ‘யாரிடம் கேட்க வேண்டும்: கிராம சபை’ என்று ஒரு வரி.

இந்த ஆண்டுப் பணித்தாளில் எந்தப் பெயரையும் நான் அச்சிடவில்லை. நான்கு கேள்விகளும் அவற்றின் கீழே வெற்றுக் கட்டங்களும் மட்டுமே.